காரில் ஆம்ப்ளிபயர்: வாட்ஸைப் பார்க்காதீர்கள், வயரைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் இதழில் காரைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் செய்திடும் வேலைகளில் ஒன்று, பிடித்த பாடல்களைச் சேர்த்து ஒரு பென் டிரைவில் காப்பி செய்வது. அந்தப் பென் டிரைவ் அடுத்த நாளே காருக்குப் போய்விடும். காரில் கேட்டால் பாடல் சப்பென்று இருக்கும். "ஒரு ஆம்ப்ளிபயர் போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். நாமும் கடைக்குப் போய், பெட்டியில் எந்த எண் பெரியதோ அதை வாங்கி வருவோம்.

இந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. ஆம்ப்ளிபயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள் என்கிறேன். வாங்கினால், பொருளுக்குத் தரும் கவனத்தைப் போல இரண்டு மடங்கு அதைப் பொருத்தும் முறைக்குத் தர வேண்டும் என்கிறேன். இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த பாடம் அல்ல. கோடியக்கரையில் என் மாமா வீட்டு வாசலில், மழை இரவில் கிடைத்தது.

பெட்டியில் இருந்த 1200

மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். பழைய டீசல் கார். பறவைகள் வரும் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் ஜனவரி வரை, சரணாலயம் பார்க்க வருபவர்களை நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் அழைத்து வருவார். மற்ற மாதங்களில் கல்யாணம், காதுகுத்து, வேளாங்கண்ணி, நாகூர் என்று ஓடும். நாளில் பாதி நேரம் காரிலேயே இருப்பவருக்குப் பாட்டுதான் துணை. ஆம்ப்ளிபயர் அவருக்கு ஆடம்பரம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

சென்ற ஆண்டு ஐப்பசியில் விடுமுறைக்குப் போயிருந்தபோது, டிக்கியைத் திறந்து காட்டினார். ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு சப் ஊபர் பெட்டி. மாட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"1200 வாட்ஸ், மாப்ள. கடைக்காரரு கூட ரெண்டாயிரம் கொறச்சுக் குடுத்தாரு."

நான் மின்னணுவியல் படித்துவிட்டு சாப்ட்வேர் வேலைக்குப் போனவன். படித்ததில் பாதி மறந்துவிட்டது. ஆனாலும் ஒரு கணக்கு மறக்கவில்லை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். கார் பேட்டரி 12 வோல்ட். 1200 வாட்ஸ் வேண்டுமானால் 100 ஆம்பியர் வேண்டும். வீணாகும் மின்சாரத்தைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவு. சிறிய கார்களில் உள்ள ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி, பொதுவாக 60 முதல் 90 ஆம்பியர் வரைதான் தரும். ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. மின்விசிறி எல்லாம் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அந்த 1200 எங்கிருந்து வந்தது?

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் வாங்கிய பழைய வாசகர்களுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கும். 2000ஆம் ஆண்டுகளில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் பெட்டிகளில்கூட "500 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று அச்சிட்டு விற்றார்கள். ஒரு நொடியின் சிறு துணுக்கில், எந்த நிபந்தனையும் இல்லாமல், கூட்டிப் பெருக்கிச் சொல்லும் எண் அது. தொடர்ந்து உழைக்கும் திறனைச் சொல்வது ஆர்.எம்.எஸ். என்ற அளவு. கார் ஆம்ப்ளிபயர் பெட்டிகளில் "மேக்ஸ்", "பீக்" என்று பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். சிறிய எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று இருப்பதைத் தேடிப் படியுங்கள்.

அதுவும் இல்லையென்றால் ஒரு சுலபமான வழி உண்டு. ஆம்ப்ளிபயரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் பியூஸ்களை எண்ணுங்கள். மாமாவின் ஆம்ப்ளிபயரில் 20 ஆம்பியர் பியூஸ் இரண்டு இருந்தன. மொத்தம் 40 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது கிடைப்பது ஏறத்தாழ 13.8 வோல்ட். பெருக்கினால் 552 வாட்ஸ் உள்ளே போகிறது. ஏபி வகை ஆம்ப்ளிபயரில் அதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் ஒலியாக வெளியே வரும். மீதி வெப்பம். ஆக, சுமார் 330 வாட்ஸ். டி வகை என்றால் 80 சதவீதம் வரை கிடைக்கலாம். எப்படிப் பார்த்தாலும் 1200 வராது.

இதைச் சொன்னபோது மாமா சிரித்தார். "330-ஏ காது கிழியுது. மீதிய வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?" நியாயமான பதில். நானும் அத்துடன் விட்டுவிட்டேன். வயரிங்கைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் தவறு.

அந்த இரவு

இரண்டு நாள் கழித்து, மழையால் சவாரி இல்லை. காலையில் நிறுத்திய கார் நின்றபடியே இருந்தது. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். பக்கத்துத் தெருப் பெண்ணுக்குப் பிரசவ வலி. 108-க்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் வலி அதிகமாகிறது, வண்டி வரும்வரை காத்திருக்கப் பயமாக இருக்கிறது என்றார்கள். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. நள்ளிரவில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் மாமா வீட்டுக் கதவுதான். வேதாரண்யம் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர்தான்.

அந்தப் பெண்ணைப் பின் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார்கள். மாமா சாவியைத் திருப்பினார். டிக், டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன.

மழையில் ஐந்து பேர் சேர்ந்து காரைத் தள்ளினோம். சேற்றில் செருப்பு போய்விட்டது. இரண்டாவது கியரில் போட்டு மாமா கிளட்சை விட, மூன்றாவது முறை இன்ஜின் பிடித்தது. வேதாரண்யம் அரசு மருத்துவமனைக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பெண் குழந்தை. இருவரும் நலம்.

ஆனால் அந்த மூன்று தள்ளல்களை என்னால் மறக்க முடியவில்லை. பேட்டரி இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் தள்ளினாலும் கிளம்பியிருக்காது.

விடிந்ததும் டிக்கியைத் திறந்தேன். சாவி மாமாவின் சட்டைப் பையில் இருக்கிறது. கார் ஓடவில்லை. ஆனால் ஆம்ப்ளிபயரின் நீல விளக்கு எரிகிறது. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது.

மூன்று வயர்களின் கதை

ஆம்ப்ளிபயருக்கு மின்சாரம் தர மூன்று வயர்கள் உண்டு. ஒன்று பேட்டரியிலிருந்து நேராக வரும் தடிமனான பாசிட்டிவ் வயர். இரண்டு, காரின் உடலுடன் இணைக்கும் எர்த் வயர். மூன்றாவது மெல்லியது. அதன் பெயர் ரிமோட் வயர். முன்னால் இருக்கும் ஸ்டீரியோவை ஆன் செய்தால் இந்த வயரில் 12 வோல்ட் வரும். ஆம்ப்ளிபயர் விழித்துக்கொள்ளும். ஆப் செய்தால் அதுவும் தூங்கிவிடும். கம்ப்யூட்டரில் பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு "எழுந்திரு" என்று சொல்கிறதே, அதே வேலைதான்.

மாட்டியவர் அந்த மெல்லிய வயரை ஸ்டீரியோ வரை இழுத்துப் போகச் சோம்பல்பட்டு, டிக்கியிலேயே பாசிட்டிவ் வயருடன் முறுக்கிவிட்டிருந்தார். ஆக, ஆம்ப்ளிபயருக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பாட்டு எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும்போதே 1.4 ஆம்பியர் எடுத்தது. இருபது மணி நேரத்தில் 28 ஆம்பியர் ஹவர். மூன்று வருடப் பழைய 45 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அது போதும். தினமும் கார் ஓடியதால் ஒரு வாரம் வெளியே தெரியவில்லை. ஒரு நாள் நின்றதும் தெரிந்துவிட்டது.

காரிலும் ஒரு பயர்வால்

அடுத்து பானெட்டைத் திறந்தேன். இதைவிட மோசமான ஒன்று அங்கே காத்திருந்தது.

கம்ப்யூட்டரில் பயர்வால் என்று படித்திருப்பீர்கள். காரில் நிஜமாகவே ஒன்று உண்டு. இன்ஜின் இருக்கும் பகுதிக்கும் நாம் உட்காரும் பகுதிக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவருக்கு அதுதான் பெயர். பேட்டரியிலிருந்து வரும் வயர் அந்தத் தகட்டில் உள்ள துளை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அந்தத் துளையில் கிராமெட் என்ற ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கார் ஆட ஆடத் தகட்டின் விளிம்பு வயரின் மேலுறையை அறுக்கும். மாமாவின் காரில் வளையம் இல்லை. மேலுறை பாதி அறுபட்டிருந்தது. பேட்டரிக்கு அருகில் பியூஸும் இல்லை.

"ஆம்ப்ளிபயர்லயே பியூஸ் இருக்குல்ல, அப்புறம் எதுக்குன்னு சொன்னாரு" என்றார் மாமா.

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ஆம்ப்ளிபயரில் உள்ள பியூஸ் ஆம்ப்ளிபயருக்குக் காவல். வழியில் உள்ள நான்கைந்து மீட்டர் வயருக்கு அது காவல் அல்ல. வயர் வழியில் எங்காவது தகட்டைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களை ஒரே மூச்சில் கொட்டிவிடும். வயர் பழுக்கும். கார்ப்பெட்டில் தீப்பிடிக்கும். அதனால்தான் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் வேண்டும் என்பது உலகெங்கும் இந்தத் தொழிலில் உள்ள விதி. அந்தப் பியூஸ், வயர் தாங்கும் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதன் விலை சில நூறு ரூபாய்தான்.

உப்புக் காற்று

எங்கள் ஊருக்கென்று தனிப் பிரச்னை ஒன்றும் உண்டு. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு வரும் வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த இடம். நினைவுத் தூண் இருக்கிறது. சுற்றிலும் உப்பளங்கள். ஊரைச் சுற்றிக் கடல். இங்கே காற்றே உப்பு. சைக்கிள் செயின் முதல் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளைகள் வரை எதையும் அது விடாது.

விலை குறைவு என்று பல கடைகளில் தரும் வயர் முழுக் காப்பர் அல்ல. அலுமினியத்தின் மேல் மெல்லிய காப்பர் பூச்சு. இதன் மின்தடை காப்பரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பூச்சு தேய்ந்தால் உப்புக் காற்றில் வேகமாக அரித்துவிடும். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். கடற்கரை ஊர்க்காரர்கள் இதை வாங்கவே கூடாது.

எர்த் வயரை இணைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகட்டில் போல்ட் போட்டு முறுக்க வேண்டும். முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவிவிடுங்கள். காற்று உள்ளே போகாது. எர்த் சரியில்லாவிட்டால் இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப "கீ..." என்று ஒரு ஓசை பாட்டுடன் சேர்ந்து பாடும். கம்ப்யூட்டரை வீட்டு ஆம்ப்ளிபயரில் இணைத்ததும் சில வீடுகளில் "ம்ம்..." என்று கேட்கிறதே, அதன் தம்பி இது. எர்த் வயர் நீளமாக இருந்தாலும் இது வரும். பவர் வயரையும் பாட்டு வரும் ஆர்.சி.ஏ. வயரையும் சேர்த்துக் கட்டினாலும் வரும். ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் கொண்டு போக வேண்டும்.

பைல் சரியா என்று பாருங்கள்

சரி, செலவே இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரில் செய்திடக்கூடிய ஒரு சோதனை. பாடல் பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் சென்று, டீட்டெயில்ஸ் டேபைத் திறக்கவும். பிட் ரேட் என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது? 128 கேபிபிஎஸ் என்றால், ஐந்து நிமிடப் பாடல் ஏறத்தாழ 5 எம்பிக்குள் அடங்கிவிடும். 320 என்றால் 12 எம்பி. அதே பாடல் ஆடியோ சிடியில் 1,411 கேபிபிஎஸ், அதாவது 50 எம்பிக்கு மேல். 128-ல் சுருக்கியபோது பறிபோனதை எந்த ஆம்ப்ளிபயரும் திருப்பித் தராது. பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். 128-ஐ 320 ஆக கன்வர்ட் செய்வதும் வீண். பைல் பெருக்கும், பாட்டு தேறாது.

மாமாவின் பென் டிரைவில் பாதிக்கு மேல் 128. அதற்குக் கீழேயும் சில. அவரிடம் இருந்த ஆடியோ சிடிக்களை என் லேப்டாப்பில் போட்டு, 320-ல் மாற்றித் தந்தேன். 8 ஜிபி பென் டிரைவில் அறுநூறு பாடல்களுக்கு மேல் இடம் இருக்கிறது. பார்மட் செய்கையில் எப்ஏடி32 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பல கார் ஸ்டீரியோக்களுக்கு என்டிஎப்எஸ் படிக்கத் தெரியாது.

அப்படியென்றால் ஆம்ப்ளிபயர் எதற்கு? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. "50 வாட்ஸ் x 4" என்று ஸ்டீரியோவின் முகப்பில் எழுதியிருக்கும். அதற்குக் கிடைப்பது 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். எவ்வளவு திறமையாகச் செய்தாலும் ஒரு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 26 வாட்ஸ்தான் தர முடியும். நடைமுறையில் 20-க்கும் குறைவு. தனி ஆம்ப்ளிபயரின் உள்ளே, 12 வோல்ட்டை உயர்த்தித் தரும் பகுதி ஒன்று உண்டு. நம் எஸ்.எம்.பி.எஸ். 230 வோல்ட்டைக் குறைக்கிறது. இது ஏற்றுகிறது. அதனால்தான் அதிக சக்தி கிடைக்கிறது. ஆனால் சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். 300-க்கும் 400-க்கும் நடுவே உங்கள் காது வித்தியாசம் காணாது. உங்கள் பர்ஸ் காணும்.

ஆகவே என் சிபாரிசு இந்த வரிசைதான்:

1. முதலில் பாடல் பைல். செலவு இல்லை.

2. அடுத்து முன்பக்கக் கதவு ஸ்பீக்கர்கள். பல கார்களில் இதை மாற்றியதுமே திருப்தி வந்துவிடும்.

3. அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ஆம்ப்ளிபயர். ஆர்.எம்.எஸ். அளவு ஸ்பீக்கருடன் பொருந்த வேண்டும்.

4. மாட்டும்போது அருகில் நின்று கேளுங்கள். பேட்டரி அருகே பியூஸ் எங்கே? பயர்வால் துளையில் ரப்பர் வளையம் எங்கே? எர்த் எங்கே? ரிமோட் வயர் எங்கே போகிறது? கம்பெனி வயரை வெட்டாமல் கப்ளர் போட்டீர்களா? வெட்டினால் காரின் வாரன்டிக்குச் சிக்கல் வரலாம்.

5. கெயின் என்ற திருகு வால்யூம் அல்ல. ஸ்டீரியோவை முக்கால் அளவு வைத்து, கெயினை மெல்ல ஏற்றி, பாட்டு பிசிறு தட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தவும்.

6. இரவு காரைப் பூட்டிய பிறகு டிக்கியைத் திறந்து ஆம்ப்ளிபயர் விளக்கைப் பாருங்கள். அணைந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டால் கடைக்காரர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்க வேண்டாம். கம்ப்யூட்டர் வாங்கும்போது ரேம் எவ்வளவு, எஸ்.எம்.பி.எஸ். எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லையா? அதே உரிமைதான். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார். தவறு அவர்கள் மேல் மட்டும் இல்லை. பெரிய எண்ணுக்குப் பணம் தரும் நாம், பியூஸுக்கும் நல்ல வயருக்கும் பேரம் பேசுகிறோம். வெட்ட வேண்டிய இடமாக அவர்களும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள்.

சத்தம் யாருக்கு?

கடைசியாக ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம்தான். கண்ணாடி ஏற்றிய காருக்குள் 90-ஐத் தொடுவது மிகவும் சுலபம். நாளெல்லாம் காரில் இருப்பவர் இதை மறக்கக் கூடாது.

வெளியே இருப்பவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. கோடியக்கரையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1967இல் வெளிமான்களுக்காக அமைந்த சரணாலயம் இது. 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எத்தனையோ ஆயிரம் கிலோ மீட்டர் பறந்து வந்து இறங்கும் பறவைகளைப் பார்க்க வருகிறவர்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு சப் ஊபரை அதிரவிட்டால் பார்க்க என்ன மிஞ்சும்? மாமா இப்போது சரணாலயத்துக்குள் நுழைந்ததும் பாட்டை நிறுத்திவிடுகிறார். யாரும் சொல்லவில்லை. "ஆளுங்க பாட்டு கேக்கவா இவ்வளவு தூரம் வர்றாங்க" என்றார்.

ஆம்ப்ளிபயரை நாங்கள் கழற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவிட்டு, முழுக் காப்பர் வயர், 40 ஆம்பியர் பியூஸ், ரப்பர் வளையம் போட்டோம். ரிமோட் வயரை ஸ்டீரியோ வரை இழுத்தோம். மொத்தச் செலவு, கடைக்காரர் "குறைத்துத் தந்த" அந்த இரண்டாயிரத்துக்குள்தான் வந்தது. பாட்டு முன்பைவிட நன்றாகவே கேட்கிறது.

இப்போது மாமா இரவில் காரைப் பூட்டிவிட்டு, டிக்கியைத் தூக்கி ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். விளக்கு அணைந்திருந்தால்தான் படுக்கப் போகிறார். நள்ளிரவில் கதவு தட்டப்படும் என்பது அவருக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுக் கதவும் தட்டப்படலாம். இன்றிரவு ஒருமுறை டிக்கியைத் திறந்து பாருங்கள்.